அப்பாமார் காதைப் பொத்தினார்கள். பிள்ளைகள் ஓட்டுப் போட்டார்கள்!

சிலோன் தபால் கார்டில் இருந்து நியூயார்க் பரிசு வரை: "டிரம்ஸ்" பாட்டுகளின் ருசிகர கதை

பாளையங்கோட்டை,

கிடார் அலற, டிரம்ஸ் அதிர வரும் "ராக்" பாட்டுக்குப் பெரியவர்கள் பரிசு கொடுப்பது அபூர்வம். "இது என்னல பாட்டு? தகர டப்பாவை உருட்டி விட்ட மாதிரி இருக்கு" என்று காதைப் பொத்திக்கொள்வார்கள்.

ஆனால் இளவட்டங்கள் கையில் ஓட்டைக் கொடுத்தால் கதையே வேறு!

அப்படி இளவட்டங்கள் போட்ட ஓட்டில், சென்னையைச் சேர்ந்த இசை அமைப்பாளர் ஏ.ஆர்.ரகுமானின் பாட்டு ஒன்று 1999-ம் ஆண்டு அமெரிக்க மேடையில் பரிசு வாங்கியது. படம் தோற்றது, பாட்டு ஜெயித்தது.

ஓட்டுப் போட்டுப் பாட்டுக்குப் பட்டம் கட்டும் இந்தப் பழக்கம், திருநெல்வேலிச் சீமைக்குப் புதிதும் அல்ல. அதில் நடந்த தில்லுமுல்லும் கொஞ்சம் அல்ல. இது பற்றிய விவரம் வருமாறு:-

தோற்ற படம், ஜெயித்த பாட்டு

1998-ம் ஆண்டு டைரக்டர் மணிரத்னம் இந்தியில் "தில் சே" என்ற படத்தை எடுத்தார். ஷாருக்கான், மனிஷா கொய்ராலா நடித்த படம். தமிழில் அது "உயிரே" என்ற பெயரில் வந்தது.

இங்கிலாந்தில் வசூலில் முதல் 10 இடங்களுக்குள் நுழைந்த முதல் இந்தியப் படம் அதுதான். ஆனால் உள்ளூரில் படம் ஓடவில்லை.

பாட்டுகள் மட்டும் ஓடின. ஊட்டி மலை ரெயிலின் கூரை மேல் ஆடும் "தைய தையா"வை அந்த ஆண்டில் முணுமுணுக்காத ஆள் இல்லை. இந்திப் படத்துக்குரிய பிலிம்பேர் பரிசுகள் 1999-ல் வழங்கப்பட்டபோது, பாடலாசிரியர் குல்சாரும் பாடகர் சுக்விந்தர் சிங்கும் அந்தப் பாட்டுக்காகவே பரிசு வாங்கினார்கள். ரகுமானுக்கு இசை அமைப்பாளர் பரிசு.

ஆனால் இளவட்டங்களின் ஓட்டு வேறு பாட்டுக்கு விழுந்தது. படத்தின் பெயரிலேயே அமைந்த "தில் சே ரே" பாட்டு அது. ரகுமானே தொண்டையைத் திறந்து பாடியது. தமிழில் "சந்தோஷக் கண்ணீரே" என்று வைரமுத்து எழுதினார். பின்னால் கிடாரும் டிரம்சும் கோரஸ் குரல்களும் சேர்ந்து மேலே மேலே ஏறும்.

1999-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 9-ந் தேதி நியூயார்க் நகரில் எம்.டி.வி. பரிசளிப்பு விழா நடந்தது. நடந்த இடம் மெட்ரோபாலிட்டன் ஆபரா ஹவுஸ். கச்சேரி கேட்கப் பெரிய மனிதர்கள் கோட்டு சூட்டுப் போட்டு வரும் இடம்! அந்த விழாவின் பரிசுப் பட்டியலில், இந்திய ரசிகர்களின் ஓட்டில் தேர்வான பாட்டு என்று "தில் சே ரே" இடம் பெற்றது.

அதாவது பெரியவர்கள் பரிசு கொடுத்த பாட்டு ஒன்று. பிள்ளைகள் பரிசு கொடுத்த பாட்டு இன்னொன்று. படம் ஒன்றுதான்!

கிடார் பையன்கள்

ரகுமானுக்கு "ராக்" ஒன்றும் புதிது அல்ல. 1967-ம் ஆண்டு சென்னையில் பிறந்தவர். தந்தை ஆர்.கே.சேகர் மலையாளப் படங்களுக்கு இசை அமைத்தவர். ரகுமானுக்கு 9 வயதாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். வீட்டில் இருந்த இசைக் கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடந்தது.

வாலிப வயதில் "ரூட்ஸ்" என்ற குழுவில் கீ-போர்டு வாசித்தார். டிரம்ஸ் சிவமணி, கிடார் ஜான் அந்தோணி, சுரேஷ் பீட்டர்ஸ் எல்லாம் அந்தக் கூட்டாளிகள். பிறகு "நெமிசிஸ் அவென்யூ" என்று சென்னையில் ஒரு ராக் குழு. இளையராஜாவின் இசைக்குழுவிலும் கீ-போர்டு வாசித்தார்.

1992-ல் வந்த "ரோஜா" அவருக்கு முதல் படம். அந்தப் படத்தின் கதாநாயகி எந்த ஊர்ப் பெண் என்பது நெல்லைக்காரர்களுக்கு நினைவிருக்கும். தென்காசி பக்கத்து சுந்தரபாண்டியபுரம்!

பாளையங்கோட்டைக்கும் கிடார் தூரத்துச் சொந்தம் அல்ல. ஊசிக்கோபுரம் நிற்கும் ஊர். சேவியர் கல்லூரி, ஜான்ஸ் கல்லூரி, சாராள் தக்கர் கல்லூரி என்று கல்லூரிகள் நிறைந்த ஊர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடகர் குழுவோடு கை பழகிவிட்டு, சனிக்கிழமை மெல்லிசைக் கச்சேரியில் கிடார் பிடிக்கும் பையன்கள் இந்த வட்டாரத்தில் உண்டு.

"ராக்" என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. மின்சார கிடார், அடிநாதத்துக்கு பாஸ் கிடார், டிரம்ஸ். நான்கு எண்ணிக்கைத் தாளம். அதில் இரண்டாவது அடியிலும் நான்காவது அடியிலும் பலமாகப் போடுவார்கள். அதனால்தான் கேட்பவன் தன்னை அறியாமல் கால் தட்டுகிறான். அம்மன் கோவில் கொடையில் நையாண்டி மேளத்துக்குத் தலை ஆட்டாத ஆள் உண்டா? அதே சமாசாரம்தான்.

தபால் கார்டு காலம்

இனி பழைய கதை. 1952-ல் மத்திய ஒலிபரப்பு மந்திரியாக வந்தவர் பி.வி.கேஸ்கர். சினிமாப் பாட்டு என்றாலே அவருக்குப் பிடிக்காது. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அருகிப்போனது.

லாபம் யாருக்கு? கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த சிலோன் ரேடியோவுக்கு!

கொழும்பில் வர்த்தக ஒலிபரப்பு 1950-ல் தொடங்கி இருந்தது. தமிழிலும் பாட்டு, இந்தியிலும் பாட்டு. திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரத்துக்கு கொழும்பு பக்கம். உள்ளூர் நிலையம் மாதிரித் துல்லியமாகக் கேட்டது. பாளையங்கோட்டையில் வானொலி நிலையம் வந்தது 1963-ல்தான்.

காலையில் "பொங்கும் பூம்புனல்". பிறகு "நேயர் விருப்பம்". கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் குரல்களைக் கேட்டுத்தான் பல வீடுகளில் அடுப்பே எரிந்தது. தபால் கார்டில் பாட்டையும் பெயரையும் ஊரையும் எழுதிப் போட்டால் போதும். என்றைக்காவது ஒரு நாள் தன் பெயரைக் கடல் தாண்டி வாசிப்பார்கள் என்று டீக்கடை ரேடியோ முன்னால் காத்துக் கிடந்தவர்கள் எத்தனையோ பேர்.

அந்த ரேடியோவில்தான் இலங்கைத் தமிழ் வாலிபர்களின் "பொப்" பாட்டும் வந்தது. நித்தி கனகரத்தினத்தின் "சின்ன மாமியே". ஏ.இ.மனோகரனின் "சுராங்கனி". சங்கீத சபையில் இந்தப் பாட்டுகளுக்கு இடம் ஏது? ஆனால் கல்லூரிப் பஸ்சில் இவைதான் தேசிய கீதம். "சுராங்கனி" மெட்டு 1977-ல் "அவர் எனக்கே சொந்தம்" படத்துக்கே வந்து சேர்ந்தது. இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் பாடினார். "சிலோன்" மனோகர் என்று சினிமாவில் வில்லனாகவும் நடித்த மனோகரன், 2018-ம் ஆண்டு சென்னையில் காலமானார்.

பற்பசை போட்ட பட்டியல்

இந்தி நேயர்களுக்கு அதே சிலோன் ரேடியோவில் "பினாகா கீத்மாலா" என்று ஒரு நிகழ்ச்சி. பினாகா என்பது பற்பசை. 1952 டிசம்பரில் தொடங்கியது. நடத்தியவர் அமீன் சயானி.

முதலில் சின்னப் போட்டியாகத்தான் ஆரம்பித்தார்கள். முதல் நிகழ்ச்சிக்கே சுமார் 9 ஆயிரம் கடிதம் வந்து குவிந்தது. பிறகு வாரத்துக்கு 60 ஆயிரத்தைத் தாண்டியது. பிரித்துப் படிக்க முடியாமல் திணறினார்கள். அப்புறம்தான் போட்டியை நிறுத்திவிட்டு, வாரா வாரம் எந்தப் பாட்டு எத்தனையாவது இடம் என்று பட்டியல் போடத் தொடங்கினார்கள்.

பட்டியலுக்குக் கணக்கு எது? ரெக்கார்டு விற்பனை. இங்கேதான் சிக்கல் வந்தது. கடையில் ரெக்கார்டு தீர்ந்துபோனால், பாட்டுக்கு மவுசு இருந்தும் கணக்கில் ஏறாது. கூட நாலு ரெக்கார்டை ஆள் வைத்து வாங்கினால், மவுசு இல்லாத பாட்டும் ஏறிவிடும்.

அதனால் ஊர் ஊராக இருந்த நேயர் மன்றங்களின் ஓட்டையும் சேர்த்து எண்ணினார்கள்.

அந்தக் கணக்கில் 1972-ம் ஆண்டு முழுவதற்கும் முதல் இடம் பிடித்த பாட்டு எது தெரியுமா? "தம் மாரோ தம்"!

"ஹரே ராமா ஹரே கிருஷ்ணா" படத்துப் பாட்டு. ஆர்.டி.பர்மன் இசை. ஆஷா போன்ஸ்லே குரல். கஞ்சாப் புகையும் ஹிப்பிக் கூட்டமுமாக வரும் காட்சி. தொடக்கத்திலேயே மின்சார கிடார் சீறும். வீட்டில் பெரியவர்கள் ரேடியோவைப் படாரென்று அணைத்துவிடுகிற ரகம். ஆனால் ஓட்டு அதற்குத்தான் விழுந்தது. ஆஷாவுக்கு அந்தப் பாட்டுக்காகப் பிலிம்பேர் பரிசும் பின்னாலேயே வந்தது.

அதே படத்தில் இங்கிலீஷ் வரிகளைப் பாடியவர் தமிழ்ப் பெண் உஷா ஐயர். பின்னாளில் உஷா உதூப். சென்னை மவுண்ட் ரோடு சபையர் தியேட்டரின் கீழே இருந்த "நைன் ஜெம்ஸ்" கிளப்பில், 1969-ல் காஞ்சீபுரம் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு இங்கிலீஷ் பாட்டுப் பாடியவர்!

அமீன் சயானி 2024 பிப்ரவரி மாதம் 20-ந் தேதி காலமானார். இந்தி தெரியாத நெல்லைக்காரர்களில்கூட அவர் குரலை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள்.

அமெரிக்காவில் என்ன?

அமெரிக்காவிலும் இதே கூத்துதான். 1984-ம் ஆண்டு எம்.டி.வி. பரிசு தொடங்கியபோதே, நிபுணர்கள் கொடுக்கும் பரிசுகளோடு ரசிகர்கள் ஓட்டுக்கு என்று ஒரு பரிசையும் வைத்தார்கள். முதல் ஆண்டு அதைத் தட்டிச் சென்றது மைக்கேல் ஜாக்சனின் "திரில்லர்".

அதன் பிறகு ராக் குழுக்களின் ராஜ்ஜியம். 1987-ல் அயர்லாந்தின் "யூ-2". 1988-ல் ஆஸ்திரேலியாவின் "இன்எக்சஸ்". 1990-ல் "ஏரோஸ்மித்". 1992-ல் "ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ்". தமிழில் சொன்னால் காரமான மிளகாய்! 1993, 1994 ஆகிய இரண்டு ஆண்டுகளும் மறுபடியும் "ஏரோஸ்மித்".

நிபுணர்களும் ரசிகர்களும் ஒத்துப்போனார்களா? 1991-ல் நிபுணர்கள் "ஆர்.இ.எம்." குழுவின் பாட்டை ஆண்டின் சிறந்த படம் என்றார்கள். ரசிகர்கள் "குயின்ஸ்ரைக்" என்ற குழுவுக்குப் போட்டார்கள். 1994-ல் இரண்டு தரப்பும் ஒரே பாட்டுக்குக் கை தூக்கினார்கள். "ஏரோஸ்மித்" குழுவின் "கிரையிங்" அது.

வெளிநாட்டு ரசிகர்களுக்கும் தனித்தனியாக ஓட்டு வைத்தது பிற்பாடு. அந்த வழியில்தான் ரகுமானின் பாட்டு அந்த மேடைக்குப் போனது.

பொடி எழுத்தில் ஒரு குண்டு

ரகுமான் பரிசு வாங்கிய அதே 1999-ல் அமெரிக்காவில் இன்னொரு பரிசு பிறந்தது. பெயர் "டீன் சாய்ஸ்". 13 வயது முதல் 19 வயது வரை உள்ள பிள்ளைகள் மட்டும் ஓட்டுப் போடலாம். கோப்பை கிடையாது, கேடயம் கிடையாது. கடல் அலையில் சறுக்கி விளையாடும் பலகைதான் பரிசு. ஆள் உயரப் பலகை!

ராக் பாட்டுக்கு என்றே அதில் தனிப் பிரிவு. 2009-ல் அந்தப் பலகையை வாங்கியது "பாராமோர்" குழுவின் "டிகோட்". முன்னால் நின்று பாடுவது ஹேலி வில்லியம்ஸ் என்ற பெண். ஆண்களின் கோட்டை என்று பேர் வாங்கிய ராக்கில், பெண் குரலுக்குப் பிள்ளைகள் ஓட்டுப் போட்டார்கள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. 2014-ல் குட்டு வெளிப்பட்டது.

சமூக வலைத்தளத்தில் புகழ் பெற்ற வாலிபர்கள் இரண்டு பேர் அந்த ஆண்டு போட்டியில் இருந்தார்கள். "வெற்றி பெறுவது யார் என்று முன்பே முடிவு செய்துவிட்டார்கள். அப்புறம் எதற்கு எங்கள் ரசிகர்களை ஓட்டுப் போடச் சொல்கிறார்கள்?" என்ற தோரணையில் அவர்கள் பகிரங்கமாக எழுதிவிட்டார்கள்.

பிள்ளைகள் கொதித்து எழுந்தார்கள். விதிமுறைகளைத் தோண்டிப் பார்த்தார்கள். பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதிக ஓட்டு வாங்கிய முதல் 4 பேரில் யாருக்குப் பரிசு என்பதை முடிவு செய்யும் உரிமை, விழா நடத்துகிறவர்களுக்கே உண்டு என்பதுதான் அது!

முதல் இடம் வந்தவர் ஜெயிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாலாவது இடம் வந்தவர் மேடைக்கு வர வசதிப்பட்டால், பலகை அவர் கையில்.

சட்டப்படி குற்றம் இல்லை. எழுதித்தானே வைத்திருந்தார்கள். ஆனால் ராத்திரி எல்லாம் கண் விழித்து, ஒரு நாளைக்கு ஒரு ஓட்டு என்று அமுக்கிக்கொண்டே இருந்த 13 வயதுப் பிள்ளைக்கு இதை யார் சொன்னது? சீட்டுக் கம்பெனியில் பணம் கட்டியவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

அந்த விழா 2019-க்குப் பிறகு நடக்கவில்லை.

நெல்லைக்கு ஓட்டு உண்டா?

இதில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஓட்டுப் பெட்டி யார் வீட்டில் இருக்கிறது?

சிலோன் ரேடியோ காலத்தில் ஒரு தபால் கார்டு போதும். சமாதானபுரத்துச் சைக்கிள் கடைப் பையனும் எழுதலாம், டவுனில் நகைக்கடை முதலாளி மகனும் எழுதலாம். இரண்டு பேர் கார்டும் ஒரே சாக்கில்தான் போகும்.

1999-ல் நிலைமை வேறு. எம்.டி.வி. வரும் டெலிவிஷன் வீட்டில் இருக்க வேண்டும். டெலிபோனோ கம்ப்யூட்டரோ வேண்டும். "இந்திய ரசிகர்களின் ஓட்டு" என்று நியூயார்க்கில் சொன்னார்கள். அதில் பம்பாய், டெல்லி பிள்ளைகள் எத்தனை, தாமிரபரணிக் கரைப் பிள்ளைகள் எத்தனை? ஓட்டுப் போட வழி இல்லாதவர்களும் "சந்தோஷக் கண்ணீரே" பாட்டை ஆற்றுப் பாலத்தில் சைக்கிள் மிதித்தபடி கத்திப் பாடியவர்கள்தான். அந்த ஓட்டு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. எத்தனை தடவை பார்த்தார்கள், எத்தனை பேர் விரும்பினார்கள் என்று எண்ணிக்கை கண் முன்னால் ஓடுகிறது. ஆனால் காசு கொடுத்தால் எண்ணிக்கையை ஏற்றிக் காட்டும் ஆசாமிகளும் வந்துவிட்டார்கள். பழைய காலத்தில் ஆள் வைத்து ரெக்கார்டு வாங்கிய அதே வித்தை. உருவம்தான் மாறி இருக்கிறது.

துண்டுச் சீட்டும் ஒன்ஸ் மோரும்

அப்படியானால் யாரும் ஏமாற்ற முடியாத ஓட்டு இல்லையா? உண்டு. அதற்கு நியூயார்க் போக வேண்டாம்.

கோவில் கொடையிலும் தசரா சமயத்திலும் மெல்லிசைக் கச்சேரி நடக்கும் இடத்தில் போய் நின்று பார்த்தால் தெரியும். கூட்டத்தில் இருந்து துண்டுச் சீட்டு கை மாறிக் கை மாறி மேடைக்குப் போகும். சிகரெட் அட்டையின் பின்பக்கம், பஸ் டிக்கெட்டின் ஓரம், எதில் வேண்டுமானாலும் பாட்டின் பெயர் எழுதி இருக்கும். ஒரே பாட்டைக் கேட்டுப் பத்துச் சீட்டு வந்தால், பாடகர் அதைப் பாடித்தான் ஆக வேண்டும். வேறு பாட்டைப் பாடினால் விசில் சத்தத்தில் மைக்கே கேட்காது.

பாடி முடித்ததும் "ஒன்ஸ் மோர்" என்று ஒரு குரல் எழும். நாலு குரல் சேரும். பிறகு மைதானமே கேட்கும். அங்கே எண்ணுகிறவர் தனியாகக் கிடையாது. எண்ணிக்கை எல்லார் காதிலும் விழுகிறது. பொடி எழுத்துக்கும் இடம் இல்லை.

கல்லூரி விழாக்களிலும் இதைச் செய்தால் என்ன? நடுவர்கள் நாற்காலியில் மூன்று பேர் இருக்கட்டும். அவர்கள் கொடுக்கிற பரிசு ஒன்று இருக்கட்டும். பிள்ளைகள் ஓட்டுக்கு என்று இன்னொரு பரிசும் வைத்து, சீட்டை மேடையிலேயே எல்லார் முன்னாலும் எண்ணிச் சொல்லலாம். ராகம் பாடியவனுக்கு ஒரு பரிசு, கிடார் அடித்தவனுக்கு ஒரு பரிசு என்று இரண்டு பேரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். யாருக்கு எத்தனை ஓட்டு என்பதை நோட்டீஸ் போர்டிலும் ஒட்டிவிட்டால் சண்டைக்கும் வழி இல்லை.

12 மணிப் பாட்டு

1982-ல் "சகலகலா வல்லவன்" படம் வந்தது. அதில் வாலி எழுதி, இளையராஜா இசையில் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் பாடிய "இளமை இதோ இதோ" பாட்டில், மோட்டார் சைக்கிள் மேல் கமல்ஹாசன் பாய்ந்து வருவார். கிடாரும் டிரம்சும் ஊதுகுழல்களும் சேர்ந்து முழங்கும் முழு "ராக்" பாட்டு.

அன்றைக்குப் பெரியவர்கள் இதையும் "கூச்சல்" என்றுதான் சொன்னார்கள். நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. டிசம்பர் 31-ந் தேதி நள்ளிரவு 12 மணி அடித்ததும் தமிழ்நாட்டில் தெருத் தெருவாக ஒலிக்கும் பாட்டு எது என்று சின்னப் பிள்ளையும் சொல்லும்.

அன்றைக்கு அந்தப் பாட்டுக்கு விசில் அடித்த வாலிபர்களுக்கு இன்றைக்கு பேரன், பேத்தி இருக்கிறார்கள். பேரன் போடுகிற பாட்டைக் கேட்டுத் தாத்தாவும் காதைப் பொத்துகிறார். 12 மணிப் பாட்டு வந்ததும் பேரனுக்கு முன்னால் தாத்தாதான் எழுந்து நிற்கிறார்!